‘எனக்கு வராது’ என்று முடிவெடுக்கும் முன்: முதல் நிரலாக்கப் பாடமும் அதன் புள்ளிகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை



தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், என்னிடம் படிவம் 5 வரை படித்த மாணவி ஒருவரைத் தற்செயலாகப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, படிவம் ஆறு முடித்து, பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கிடைத்துப் போனவர். கணிதத்தில் நல்ல கெட்டிக்காரர். நலம் விசாரித்ததும் முகம் வாடிப்போனது.

“சார், கோர்ஸ் மாத்திடலாம்னு இருக்கேன்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“முதல் செமஸ்டர் புரோகிராமிங்ல சி வாங்கிட்டேன் சார். என் கூட உட்கார்ந்த பையன் ஏ. அவனுக்கு எல்லாம் சட்டுனு வருது. எனக்கு இது வராது போல.”

மற்றப் பாடங்களில் அவருக்குக் குறை ஏதுமில்லை. ஒரே ஒரு சி. அதை வைத்துக்கொண்டு நாலு வருடப் படிப்பையே மாற்ற நினைக்கிறார். அன்று என்னால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. ‘முயற்சி செய், முடியும்’ என்று நாம் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. ‘சிலருக்கு வரும், சிலருக்கு வராது’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது, அது உண்மைதானா என்று தேடிப் படித்தேன். அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். உயர்கல்விக்குப் போகும் நம்ம பிள்ளைகளுக்கு வழி சொல்லும் ஆசிரியர்களுக்கும், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதப்போகும் மாணவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

1. கோலாலம்பூருக்குக் கணினி வந்த கதை

நம் நாட்டின் முதல் கணினி 1966ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லாத லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலும் 1960களில் ஒரு கணினி மையம் உருவானது. முதலில் அது சேவை மையம்தான். ஆய்வாளர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது, நிர்வாக வேலைகளைப் பார்ப்பது என்று இருந்தது. 1970களில் அங்கே கணினி அறிவியலில் பட்டயக் கல்வி வந்தது. இளங்கலைப் பட்டம் 1990களில்தான். 1994இல் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் புலம் அமைந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கணினி முதலில் கருவியாக வந்தது; பிறகு மேற்படிப்பாக ஆனது; கடைசியில்தான் 19, 20 வயதுப் பிள்ளைகளின் முதல் பருவப் பாடமாக மாறியது.

அக்காலக் கணினி மையங்களில் நிரல் எழுதுவது எப்படி என்று இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நிரலைக் கட்டம் போட்ட தாளில் கையால் எழுத வேண்டும். பிறகு ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளையிட வேண்டும். ஓர் அட்டையில் 80 கட்டங்கள். போர்ட்ரான் மொழியில் முதல் 5 கட்டங்கள் வரி எண்ணுக்கு. 6ஆவது கட்டம் முந்திய வரியின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கு. கட்டளை 7ஆவது கட்டத்தில் தொடங்கி 72ஆவது கட்டத்துக்குள் முடிய வேண்டும். அட்டைக் கட்டை முகப்பில் கொடுத்துவிட்டு வந்தால், அச்சிட்ட விடைத்தாள் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வரும். மறுபடியும் அட்டை, மறுபடியும் காத்திருப்பு.

அந்த முறையில் ஒரு நன்மையும் இருந்தது. காத்திருக்க வேண்டுமே என்ற பயத்தில், அட்டையைக் கொடுக்கும் முன் மாணவர்கள் நிரலை வரி வரியாகக் கையாலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1985 ஜனவரியில் மிமோஸ் நிறுவப்பட்டது. 1996இல் எம்.எஸ்.சி. எனப்படும் மல்டிமீடியா பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டமும் வந்தது. சைபர்ஜெயா எழுந்தது. பாங்கி, செர்டாங், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் கணினிப் படிப்பு பரவியது. முன்பு சிலர் மட்டும் படித்த பாடத்துக்கு இப்போது மண்டபம் நிறைய மாணவர்கள். அத்தனை பேரின் நிரலையும் யார் திருத்துவது?

2. திருத்தும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள்

இந்தக் கேள்விக்கு விடை நம் நாட்டுக்குக் கணினி வரும் முன்பே வெளிநாட்டில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ரென்சலார் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் ஹாலிங்ஸ்வொர்த், 1960ஆம் ஆண்டில், மாணவர்களின் நிரல்களைக் கணினியே திருத்தும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். துளை அட்டையில் வரும் நிரலைத் திருத்தும் நிரல் ஓட்டிப் பார்க்கும். மாணவருக்குக் கிடைக்கும் பதில் இரண்டே வகை: விடை தவறு, அல்லது நிரல் நிறைவு. ஆசிரியரின் நேரம் மிச்சமானது. அதிகம் பேரைச் சேர்க்கவும் முடிந்தது.

ஆனால், நம் பள்ளிகளில் கணிதத் தாளை எப்படித் திருத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இறுதி விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்குப் புள்ளி உண்டு. ‘பிள்ளை சூத்திரத்தைச் சரியாப் போட்டிருக்கான், கூட்டும்போது தப்பு விட்டிருக்கான்’ என்று பார்த்து 4க்கு 3 போடுகிறோம். நிரலாக்கத்தில் இயந்திரம் திருத்தத் தொடங்கியபோது இந்த ‘வழிமுறைப் புள்ளி’தான் முதலில் காணாமல் போனது. இன்றைய திருத்தும் மென்பொருள்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பல சோதனைகளை வைத்து, தேறிய சோதனைகளுக்கேற்ப புள்ளி தருகின்றன. இருந்தாலும் நிரல் ஓடவே இல்லையென்றால் பல இடங்களில் பூஜ்யம்தான். 40 வரி எழுதி 39 வரி சரியாக இருந்த பிள்ளைக்கும், ஒன்றுமே எழுதாத பிள்ளைக்கும் ஒரே புள்ளி.

இதே காலத்தில் வேறொரு சிந்தனையும் பிறந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் ‘பேசிக்’ மொழியை உருவாக்கி 1964 மே 1ஆம் நாள் ஓட்டிக் காட்டினார்கள். அறிவியல் மாணவர் மட்டுமல்லாமல் இலக்கியம், வரலாறு படிக்கும் மாணவரும் நிரல் எழுத வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நேரப் பகிர்வு முறையில் பலர் ஒரே சமயத்தில் கணினியோடு வேலை செய்தார்கள். பிழை இருந்தால் உடனே தெரிந்தது. எல்லாருக்கும் வரும் என்ற நம்பிக்கையில் கட்டிய பாடம் அது.

3. 2001: 110க்கு 22.89

2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே தமிழுக்கு ‘முரசு’ மென்பொருளை எழுதியவர். ஆகவே நிரலாக்கம் நம்மவர்களுக்கு அந்நியமான துறையல்ல.

அதே 2001இல் கணினிக் கல்வி உலகில் ஓர் ஆய்வு பரபரப்பை ஏற்படுத்தியது. மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான பன்னாட்டுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தைப் படித்த 216 மாணவர்களைச் சோதித்தது. கொடுத்த வேலை ஒரு சிறிய கணக்கிடும் கருவி நிரல். சராசரிப் புள்ளி 110க்கு 22.89. பாடத்தை நடத்தியவர்களே அதிர்ந்துபோனார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2004இல், ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் ஏழு நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியை எழுப்பினார்கள். எழுதத் தெரியவில்லை, சரி. எழுதியதை வாசிக்கவாவது தெரிகிறதா? சிறு நிரல் ஒன்றைக் கொடுத்து, இது ஓடி முடிந்தால் விடை என்ன என்று கேட்டார்கள். கணிசமான மாணவர்கள் அதிலேயே தடுமாறினார்கள்.

மொழி ஆசிரியர்களான நமக்கு இது உடனே விளங்கும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் 150 சொல்லில் கட்டுரை கேட்டால் என்ன வரும்? துளை அட்டைக் காலத்து மாணவர்கள் வேறு வழியின்றிச் செய்த ‘கையால் ஓட்டிப் பார்க்கும்’ வேலையை, விரைவான கணினிகள் வந்த பிறகு யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காத ஒன்றைத் தேர்வு மட்டும் எதிர்பார்த்தது.

4. ஒட்டகத்துக்கு இரண்டு திமிலா?

இப்போது நம் மாணவி சொன்ன ‘வராது’ என்ற சொல்லுக்கு வருவோம்.

2006இல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் டெனாடியும் ரிச்சர்ட் போர்னாட்டும் ஓர் ஆய்வறிக்கையைச் சுற்றுக்கு விட்டார்கள். பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களுக்கு ஒரு சோதனை. கேள்விகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அ = 5
ஆ = 8
அ = ஆ

இப்போது அ, ஆ இரண்டின் மதிப்பு என்ன?

தமிழ்ப்பள்ளியில் நாம் சொல்லிக்கொடுத்த கணிதப்படி சமக்குறி என்றால் இரு பக்கமும் சமம். அந்தப் பிள்ளை மூன்றாவது வரியைப் பார்த்ததும், ‘5உம் 8உம் எப்படிச் சமமாகும்?’ என்று திகைக்கும். அந்தத் திகைப்பில் தப்பே இல்லை. நிரலாக்கத்தில் அந்தக் குறிக்கு வேறு பொருள்: வலப்பக்கம் இருப்பதை எடுத்து இடப்பக்கப் பெட்டியில் போடு. ஆகவே இரண்டுமே 8. பழைய 5 அழிந்துவிடும்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒரே விதியைப் பின்பற்றிப் பதில் சொல்பவர்கள் தேறுவார்கள், மாறி மாறிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தோற்பார்கள் என்பது அவர்கள் வாதம். வகுப்பின் புள்ளிகளை வரைபடமாகப் போட்டால் ஒட்டகத்தின் இரண்டு திமில் போல வரும்: ஒரு திமில் ‘வருபவர்கள்’, இன்னொன்று ‘வராதவர்கள்’. சொல்ல எளிதான உவமை என்பதால் அது காட்டுத்தீயாகப் பரவியது. ‘சில பிள்ளைங்களுக்கு மூளை அப்படி, நாம என்ன செய்ய முடியும்’ என்று கைகழுவுவதற்கும் வசதியாக இருந்தது.

பிறகு நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. மற்ற இடங்களில் அதே சோதனையை நடத்தியபோது அந்த அளவுக்கு முடிவு கிடைக்கவில்லை. 2014இல் போர்னாட் தாமே எழுத்து மூலமாக அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தப்பு என்று தெரிந்ததும் வெளிப்படையாக ஒத்துக்கொண்ட அவரைப் பாராட்ட வேண்டும்.

2016இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் பாட்டிட்சாஸும் சக ஆய்வாளர்களும் ஒட்டகத்தை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணினிப் பாடங்களின் 778 புள்ளிப் பட்டியல்களை ஆராய்ந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திமில் தெரிந்தவை 5.8 விழுக்காடு மட்டுமே. அடுத்து, இரண்டு திமில் என்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம் என்பது போன்ற வரைபடங்களை 53 கணினிப் பேராசிரியர்களிடம் காட்டினார்கள். பிறவித் திறமையில் நம்பிக்கை உள்ளவர்களின் கண்ணுக்கே இரண்டு திமில் அதிகமாகத் தெரிந்தது. மாணவரைப் பற்றி ஆசிரியர் முன்கூட்டியே வைத்திருக்கும் எண்ணம், புள்ளியை வாசிக்கும்போதும் கூடவே வருகிறது. இதை நாம் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

5. அப்படியென்றால் ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள்?

தடுமாற்றம் கற்பனையல்ல. 2007இல் ஜென்ஸ் பென்னட்சன், மைக்கேல் காஸ்பர்சன் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள் 63 கல்வி நிலையங்களிடம் விவரம் கேட்டுத் தொகுத்தார்கள். சராசரியாக மூன்றில் ஒருவர் முதல் நிரலாக்கப் பாடத்தில் தேறவில்லை. 2014இல் கிறிஸ்டோபர் வாட்சன், பிரடெரிக் லி இருவரும் 15 நாடுகளின் 161 பாடங்களைப் பார்த்தபோது தேர்ச்சி 67.7 விழுக்காடு. ஏறக்குறைய அதே கணக்கு. நம் மாணவி தேறியிருக்கிறார் என்பதையே இந்த எண்களைப் படித்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

காரணங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பாடத்தின் அமைப்பு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோனி ராபின்ஸ் 2010இல் இதை விளக்கினார். வரலாற்றில் மலாக்கா சுல்தானிய அதிகாரம் சரியாகப் புரியாவிட்டாலும் அடுத்த அதிகாரத்தைப் படித்துப் புள்ளி வாங்கிவிடலாம். நிரலாக்கத்தில் அது நடக்காது. மாறி புரியாவிட்டால் நிபந்தனை புரியாது. நிபந்தனை புரியாவிட்டால் லூப் ஓடாது. இரண்டாம் வாரத்தில் ஒரு படி தவறியவருக்கு ஒவ்வொரு வாரமும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். முன்னால் இருப்பவர் இன்னும் முன்னால் போவார். 14 வார முடிவில் ஏ வாங்கியவருக்கும் சி வாங்கியவருக்கும் உள்ள தூரம், தொடக்கத்தில் ஒரு சின்ன இடறலாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, தொடங்கிய இடம். நம் நாட்டில் ஒரே விரிவுரை மண்டபத்துக்கு எத்தனை வழிகளில் மாணவர்கள் வருகிறார்கள் பாருங்கள்: எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, பாலிடெக்னிக் அல்லது தனியார் கல்லூரி டிப்ளோமா. கணினி டிப்ளோமா முடித்து வருபவர் இரண்டு மூன்று ஆண்டுகள் நிரல் எழுதிவிட்டு வருகிறார். 2017 முதல் படிவம் 1இல் கணினி அறிவியல் அடிப்படை என்ற பாடம் வந்தது. ஆனால் எல்லாப் பள்ளியிலும் அது இல்லை, பல பள்ளிகளில் அதற்குப் பதிலாக வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடமே நடக்கிறது. படிவம் 4, 5இல் கணினி அறிவியல் விருப்பப் பாடம்தான். நம் மாணவியின் பள்ளியில் அது இல்லை. “சட்டுனு வருது” என்று அவர் சொன்ன அந்தப் பையன் டிப்ளோமா முடித்து வந்தவர் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. 400 மீட்டர் ஓட்டத்தில் ஒருவர் 150 மீட்டர் முன்னால் நின்று ஓடினால், முடிவை வைத்து யார் வேகமானவர் என்று சொல்லிவிட முடியுமா?

இதைச் சரிசெய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் மாணவிகள் ஏன் கணினிப் படிப்பை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். முன் அனுபவத்துக்கேற்ப வெவ்வேறு தொடக்கப் பாடங்கள் வைத்தார்கள். சேர்க்கை முறையையும் மாற்றினார்கள். 1995இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் 7 விழுக்காடாக இருந்த பெண்கள், 2000ஆம் ஆண்டில் 42 விழுக்காடு ஆனார்கள். ஐந்தே ஆண்டில் யாருடைய மூளையும் மாறிவிடவில்லை. பாடம்தான் மாறியது.

மூன்றாவது, மொழி. நம்ம பிள்ளைகள் கடந்து வரும் பாதை நமக்குத் தெரியும். 1983க்குள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் தேசிய மொழி பயிற்று மொழியானது. 1990களில் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களில் ஆங்கிலம் மீண்டும் இடம்பிடித்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிக்கும் வந்தது. 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்து, படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பினோம். ஆக, இன்றைய மாணவர் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தமிழில் படித்து, இயற்கணிதத்தைத் தேசிய மொழியில் படித்து, பல்கலைக்கழகத்தில் நிரலாக்கத்தை ஆங்கிலத்தில் சந்திக்கிறார். தேர்வுக் கேள்வி அரைப் பக்கக் கதையாக இருக்கும். கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும். புள்ளிப் பட்டியலில் அந்த நேரம் எங்கும் பதிவாவதில்லை.

6. 71 பேரில் 17ஆவது இடம்

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் முதல் நிரலாக்கப் பாடத்தின் தேர்வுக் கேள்விகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 71 மாணவர்களோடு சேர்த்து வரிசைப்படுத்தினால் அது 17ஆவது இடத்தில் வந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது.

1960இல் இயந்திரம் திருத்தத் தொடங்கியது. இப்போது எழுதவும் தொடங்கிவிட்டது. வீட்டில் செய்துவரும் இடுபணிக்குப் புள்ளி போட்டால் யாருடைய உழைப்புக்குப் போடுகிறோம் என்று தெரியாத நிலை. அதனால் பல இடங்களில் வகுப்பறைத் தேர்வுக்கும் வாய்மொழி விளக்கத்துக்கும் எடை கூடியிருக்கிறது. ‘இந்த வரியை ஏன் எழுதினீர்கள்?’ என்று நேரில் கேட்கிறார்கள். நிரலை வாசித்து விளக்கும் திறன், 2004இல் லிஸ்டர் குழு தேடிய அதே திறன், மறுபடியும் நடு இடத்துக்கு வருகிறது. எஸ்.பி.எம். முடித்து இந்தப் படிப்புக்குப் போகும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஒரு சி-யின் விலை எவ்வளவு?

இனி ஒரு சின்னக் கணக்கு. முதல் பருவத்தில் 15 கிரெடிட். நிரலாக்கம் 3 கிரெடிட், அதில் சி, அதாவது 2.00. மற்ற 12 கிரெடிட்டிலும் ஏ, 4.00 என்று வைத்துக்கொள்வோம்.

(3 × 2.00 + 12 × 4.00) ÷ 15 = 54 ÷ 15 = 3.60

பார்த்ததும் வயிற்றைப் பிசையும். முதல் வகுப்புப் பட்டம் வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை இருப்பதால், குடும்ப நிலைமை தெரிந்த பிள்ளைக்கு அந்த எண் இன்னும் பாரமாக இருக்கும். ஆனால் பட்டம் 120 கிரெடிட். மீதி 117இலும் 4.00 எடுத்தால்:

(3 × 2.00 + 117 × 4.00) ÷ 120 = 474 ÷ 120 = 3.95

முழுப் படிப்பில் அந்த ஒரு சி எடுத்துக்கொள்வது 0.05 மட்டுமே. எல்லாப் பாடத்திலும் 4.00 யாரும் எடுப்பதில்லை, உண்மைதான். ஆனாலும் அந்த சி-யின் பங்கு அவ்வளவுதான். முதல் பருவம் முடிந்ததும் அது பெரிய மலையாகத் தெரிவதற்குக் காரணம், பக்கத்தில் ஒப்பிட வேறு எதுவும் இன்னும் இல்லாததுதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. இதை உணர்ந்து, 1968 முதலே புதிய மாணவர்களுக்குத் தர எழுத்து போடாமல் தேர்ச்சியை மட்டும் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவர்கள் ஒரே தளத்துக்கு வர அவகாசம் வேண்டும் என்பது அதன் பொருள். நம் பல்கலைக்கழகங்களில் இது பொதுவான முறை அல்ல. நம் பிள்ளையின் முதல் தடுமாற்றமும் பட்டம் வரைக்கும் பதிவேட்டில் தொடரும். ஆகவே அந்தப் புள்ளியை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நம் மேல்தான் விழுகிறது.

8. நாம் என்ன செய்யலாம்?

அந்த மாணவியை இரண்டு வாரம் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் மறுபடியும் சந்தித்தேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்திருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அவருடைய பழைய ஆய்வகத் தேர்வுத் தாளைப் பார்த்தோம். எனக்கு நிரலாக்கம் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “இந்த வரி என்ன செய்யுதுன்னு எனக்குத் தமிழ்ல சொல்லும்மா” என்று மட்டும் கேட்டேன். மாறிகளுக்கு ஆளுக்கொரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் மதிப்பை எழுதச் சொன்னேன். ஏழாவது வரியில் நின்றார். லூப் ஒரு சுற்று அதிகமாக ஓடுவதை அவரே கண்டுபிடித்தார்.

“ஐயோ சார், இது மட்டும்தானா?”

ஆமாம், அந்தக் கேள்விக்கு அது மட்டும்தான். நிரல் ஓடி வந்த விடை தப்பு, ஆகவே பூஜ்யம்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, படிவம் 3 முதலே பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தின் முதல் சில படிகளையாவது அறிமுகப்படுத்துங்கள். கணினிக் கூடம் இல்லாவிட்டால் தாளிலும் கரும்பலகையிலும் செய்யலாம். இரண்டு, கணித ஆசிரியர்கள் சமக்குறியை நடத்தும்போது, ‘கணினியில் இதே குறிக்கு வேறு வேலை உண்டு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மூன்று, முன்னாள் மாணவர் முதல் பருவப் புள்ளியோடு வந்து நின்றால், ‘உனக்கு எது வரும்’ என்று கேட்கும் முன், ‘எந்த வாரத்தில் புரியாமல் போனது’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குத் துல்லியமான பதில் அவர்களிடம் இருக்கும்.

மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாம் வாரம் புரியவில்லையென்றால் இரண்டாம் வாரமே கேளுங்கள். 14ஆவது வாரம்வரை ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

அந்த மாணவி படிப்பை மாற்றவில்லை. இப்போது அடுத்த நிரலாக்கப் பாடத்தில் இருக்கிறார். அது எளிதாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டுதான் கணினி முன்னால் உட்காருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. நிரலை இயந்திரம் திருத்தும் முறையின் நன்மை இரண்டையும் குறை இரண்டையும் எழுதுக.

2. ‘இரண்டு திமில்’ வாதம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கைவிடப்பட்டது? ஓர் ஆய்வு முடிவை ஏற்கும் முன் நாம் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

3. அ = 2, ஆ = 7, அ = ஆ, ஆ = அ. நான்கு கட்டளைகளும் வரிசையாக ஓடிய பின் அ, ஆ மதிப்புகள் யாவை? இரண்டின் மதிப்புகளையும் இடம் மாற்ற இன்னொரு பெட்டி ஏன் தேவை என்பதைப் படம் வரைந்து விளக்குக.

4. ‘தேர்வுப் புள்ளி மாணவரின் திறமையை மட்டுமே காட்டுகிறது.’ இக்கூற்றை ஒட்டியோ வெட்டியோ 180 சொற்களில் எழுதுக.